முழங்கால் தேய்மானத்தில் எதிர்ப்பு அணுக்களுக்கு என்ன வேலை?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் உதவும். உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 58 வயது. பல வருடமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூக்கட்டுகிறவர். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் "தேய்மானம், வயசானா வரத்தான் செய்யும்" என்றிருக்கிறார். ஆறு மாதம் கழித்து முட்டி வீங்கியபோது இன்னொரு டாக்டர் ஊசி வைத்து நீரை இழுத்துவிட்டு, "உள்ளே அழற்சி ஓடுது, எதிர்ப்பு அணுக்கள் வேலை செய்யுது" என்றாராம். நெட்டில் தேடினால், எதிர்ப்பு அணுக்களே மூட்டைத் தின்றுவிடும் என்று கிடக்கிறது. பெரியம்மாவுக்கு ஏற்கெனவே முடக்குவாதம் (ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்). அதற்காக அவர் போடுகிற, எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை அம்மாவுக்கும் கொடுக்கலாமா, இத்தனை நாள் எதிர்ப்பு சக்திக்கென்று கொடுத்துவந்த பொடியை நிறுத்த வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

கேள்வி பலதாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் கவலை ஒன்றுதான்: அம்மாவின் உடம்பு அம்மாவையே அடிக்கிறதா? இரண்டு டாக்டர்களில் யாரோ ஒருவர் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இருவரும் ஒரே முட்டியை ஆளுக்கொரு பக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மருந்துச்சீட்டு எழுதுகிற டாக்டர் இல்லை. மதுரையில் நோய்க்குறியியல் படித்துவிட்டு 25 வருடமாக மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருப்பவன். முட்டியிலிருந்து இழுத்த நீரும், மூட்டு மாற்று அறுவையில் வெட்டியெடுத்த சதையும் எலும்பும் எங்கள் மேசைக்கு வரும். ஆக நான் பார்ப்பதெல்லாம் முழுக்கக் கெட்டுப்போய்க் கழற்றியெறிந்த முட்டிகள். ஆரம்பக் கட்டத்தில் இருக்கிற முட்டியை யாரும் வெட்டி அனுப்ப மாட்டார்கள். இந்தக் குறை எனக்கு மட்டுமில்லை, இந்தத் துறை ஆராய்ச்சிக்கே உண்டு. கீழே நான் சொல்வதை இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சொல்லில் இருக்கிற குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். நம்ம பக்கம் 'ஜவ்வு' என்கிற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம். எலும்பு முனையில் வழுவழுவென்று போர்த்தியிருக்கிற குருத்தெலும்பும் ஜவ்வு, நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸும் ஜவ்வு, கபடி ஆடி அறுந்துபோகிற தசைநாரும் ஜவ்வு. எதிர்ப்பு அணுக்கள் குடியிருக்கிற இடம் இது மூன்றுமே இல்லை. மூட்டைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. அந்தப் பையின் உட்புறத்து மெல்லிய தோலுக்கு சைனோவியல் சவ்வு என்று பெயர். மூட்டுக்கு எண்ணெய் மாதிரி இருக்கிற திரவத்தைச் சுரப்பது அதுதான். ரத்தக் குழாயும் நரம்பும் அதில் ஓடுகின்றன. குருத்தெலும்பில் இரண்டும் கிடையாது. அதனால்தான் வெறும் குருத்தெலும்பு தேய்ந்தால் வலிக்காது. வலி என்று ஒன்று வந்தால் அது சவ்விலிருந்தோ, அடியில் இருக்கிற எலும்பிலிருந்தோ, சுற்றியுள்ள சதையிலிருந்தோதான் வரவேண்டும். எக்ஸ்ரேயில் 'கேப் குறைஞ்சிருச்சு' என்று காட்டுகிறார்களே, அந்தப் படத்தில் குருத்தெலும்பும் தெரியாது, சவ்வும் தெரியாது. இரண்டு எலும்புக்கு நடுவே உள்ள இடைவெளியை வைத்துக் கணக்குப் போடுவதுதான். படத்தில் பாதி முட்டி போனவர் அழகர்கோயில் மலையேறிப் பழமுதிர்சோலை போய்விட்டு வருவதும், படம் சுத்தமாக இருப்பவர் படுக்கையில் புரண்டு படுக்க முடியாமல் அழுவதும் இதனால்தான்.

அம்மாவின் முட்டியில் இழுத்த நீருக்கு வருவோம். ஆரோக்கியமான முழங்காலில் இருக்கிற மொத்தத் திரவமே ஒரு டீஸ்பூன் தேறாது. வீங்கிய முட்டியில் சில சமயம் அரை டம்ளர் வரும். குழாய் எங்களிடம் வந்ததும் நாங்கள் பார்க்கிற முதல் சோதனைக்கு மைக்ரோஸ்கோப்பே தேவையில்லை. கையுறை போட்டுக்கொண்டு ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து விரிப்போம். அதிரசத்துக்குப் பாகு பதம் பார்ப்பீர்களே, அதே கைவேலைதான். நல்ல திரவம் கம்பி இழுக்கும். தேய்மான முட்டியிலும் பெரும்பாலும் இழுக்கும். நிறம் வெளிர் மஞ்சள், குழாய்க்குப் பின்னால் பேப்பரைப் பிடித்தால் எழுத்து தெரியும். முடக்குவாத முட்டியின் நீர் கம்பி இழுக்காமல் தண்ணியாகச் சொட்டும், கலங்கியிருக்கும். பிறகுதான் எண்ணிக்கை. ஒரு கன மில்லிமீட்டரில் வெள்ளை அணுக்கள் 200க்குக் கீழே இருந்தால் இயல்பு. தேய்மானத்தில் வழக்கமாக 2,000 தாண்டாது. முடக்குவாதத்தில் 2,000க்கு மேலே போய்ப் பல ஆயிரங்களில் நிற்கும். 50,000ஐத் தாண்டினால் சீழ் பிடித்ததா என்று முதலில் பயப்படுவோம். எண்ணிக்கை மட்டுமில்லை, ஆளும் வேறு. முடக்குவாத நீரில் நிறைந்திருப்பது நியூட்ரோஃபில். கிருமி வந்தால் முதலில் பாய்கிற சிப்பாய் அணு அது. தேய்மான நீரில் அது குறைவு. அங்கே அதிகம் இருப்பவை ஒற்றைக் கரு கொண்ட அணுக்கள், முக்கியமாக மேக்ரோஃபேஜ்.

இந்த மேக்ரோஃபேஜைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். குப்பையை விழுங்குகிற அணு அது. செத்த செல், கிருமி, உடைந்த துணுக்கு எதுவானாலும் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். 1882-இல் மெச்னிக்கோஃப் என்ற விலங்கியலாளர் நட்சத்திரமீன் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்திவிட்டு, மறுநாள் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்ததைப் பார்த்தார்; விழுங்கும் அணுக்கள் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது, அதற்காக 1908-இல் நோபலும் கிடைத்தது. நம் மூட்டுச் சவ்விலும் இந்த அணுக்கள் பிறந்ததிலிருந்தே குடியிருக்கின்றன, நோய் வந்துதான் வர வேண்டும் என்றில்லை. சவ்வின் உள்விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிற ஒரு வகை மேக்ரோஃபேஜ் வேலி மாதிரி நின்று, உள்ளே இருப்பதை வெளியே போகாமலும் வெளியிலிருந்து கண்டது நுழையாமலும் காக்கிறது என்று 2019-இல் எலிகளில் காட்டினார்கள். இந்தப் பழைய குடிகளைத் தவிர, கோளாறு நேரத்தில் ரத்தத்திலிருந்து புதிதாக வந்து இறங்குகிறவையும் உண்டு. சண்டித்தனம் அதிகமும் இந்தப் புதுசுகளிடம்தான் என்று இப்போது கருதப்படுகிறது.

தேய்ந்த முட்டியின் சவ்வை ஸ்லைடில் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? இயல்பான சவ்வின் விளிம்பு ஒன்றிரண்டு அணு கனம்தான், புடவை பார்டரில் ஒரு நூல் ஓடின மாதிரி. தேய்மானத்தில் அது மூன்று, நான்கு, அதற்கு மேலும் அடுக்காகும். சில இடங்களில் விரல் விரலாக நீண்டு தொங்கும். அடியில் ரத்தக் குழாய்களை ஒட்டிக் கருநீலப் புள்ளிகள் சிறு கூட்டமாக நிற்கும். அவை லிம்போசைட்டுகள் என்கிற ஒரு வகை வெள்ளை அணுக்கள், அதிலும் பெரும்பாலும் டி செல்கள் என்கிற பிரிவு. மாஸ்ட் செல் என்கிற இன்னொரு வகை எதிர்ப்பு அணுவும் ஓரிரண்டு இருக்கும். நான் கண்ணால் தேடுவது இன்னொன்றை: சதைக்குள் புதைந்து கிடக்கிற குருத்தெலும்புத் துணுக்கு. எலும்பு முனையிலிருந்து உதிர்ந்த செதில் திரவத்தில் மிதந்து வந்து சவ்வில் ஒட்டி உள்ளே போயிருக்கும். அதைச் சுற்றி விழுங்கு செல்கள், அதாவது மேக்ரோஃபேஜ்கள், வட்டம் கட்டி உட்கார்ந்திருக்கும். மேலே சொன்ன நட்சத்திரமீனும் முள்ளும்தான், மூட்டுக்குள் நடக்கிறது.

அம்மாவின் முட்டியில் நடப்பதையும் இந்தக் கோணத்திலிருந்து பாருங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் மாநகராட்சி ஆட்கள் வந்து வைகைக் கரையைக் கூட்டுகிறார்கள். கூட்டி முடித்தால் வண்டி கிளம்பிவிடும். ஆனால் திருவிழா முடியாமல் வருடம் முழுக்க நடந்தால்? லாரி போகவே போகாது. குப்பை லாரியே ரோட்டை அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். தேய்ந்த மூட்டில் துணுக்கு உதிர்வது நிற்பதில்லை, அதனால் விழுங்கு செல்லும் ஓய்வதில்லை. அது சும்மா விழுங்கிவிட்டுப் போகிற ஜீவனும் இல்லை. விழுங்கும்போது இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். போன்ற சமிக்ஞைப் பொருட்களைத் திரவத்தில் விடுகிறது. ரத்தக் குழாய் கசிகிறது, நீர் கோக்கிறது, நரம்பு முனைகள் கூர்மையாகின்றன. அதே சமிக்ஞை குருத்தெலும்புக்குள் இருக்கிற காண்ட்ரோசைட் செல்லையும் எட்டுகிறது. தன்னைச் சுற்றியுள்ள கொலாஜன், அக்ரிகான் என்கிற கட்டுமானப் பொருட்களைக் கட்டிக் காக்க வேண்டிய அந்த செல், அவற்றைக் கரைக்கிற நொதிகளைச் சுரக்கத் தொடங்குகிறது. இன்னும் துணுக்கு உதிர்கிறது. சுற்று மறுபடி ஆரம்பம்.

இதனால் நெட்டில் நீங்கள் படித்த 'எதிர்ப்பு அணுக்கள் மூட்டைத் தின்கின்றன' என்பது தேய்மானத்துக்குச் சரிவராது. முடக்குவாதத்தில் அப்படி ஒன்றை ஸ்லைடில் பார்க்க முடியும்: சவ்வு தடித்துக் கொடிபோல ஓரத்திலிருந்து குருத்தெலும்பின் மேலேயே ஏறி அரித்துக்கொண்டு போகும். தேய்மானத்தில் சவ்வு தன் இடத்திலேயே இருந்துகொண்டு சத்தம் போடுகிறது. கரைக்கிற வேலையைப் பெருமளவு செய்வது குருத்தெலும்பின் சொந்த செல். பெரியம்மாவின் நோயில் எதிர்ப்பு மண்டலம் தன் வீட்டையே எதிரி வீடு என்று நினைத்துவிட்டது. அதனால் கை, கால் என்று இரண்டு பக்கமும் பல மூட்டு, காலையில் மணிக்கணக்காக விறைப்பு, ரத்தத்தில் ஆன்டி-சி.சி.பி. என்கிற, சொந்த உடம்புக்கு எதிரான எதிர்ப்பொருள். அம்மாவின் நோயில் எதிர்ப்பு மண்டலம் உண்மையான குப்பையைத்தான் பார்த்து வந்திருக்கிறது. காலை விறைப்பும் வழக்கமாக அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும்.

எதெல்லாம் உறுதி, எதெல்லாம் இன்னும் தீராத வழக்காக இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் விளம்பரக்காரர்கள் புகுந்துவிடுகிறார்கள். தேய்மான மூட்டில் அழற்சி இருக்கிறது என்பது உறுதி. வெறும் டயர் தேய்வது மாதிரி என்றால், நேற்று வீங்கிய முட்டி நான்கு நாளில் தானாக வற்றக் கூடாது. டயர் அப்படிப் பழைய நிலைக்கு வராது. உடல் எடை கூடியவர்களுக்கு உடம்பைத் தாங்காத விரல் மூட்டுகளிலும் தேய்மானம் அதிகம் வருகிறது. கொழுப்பிலிருந்து வருகிற அழற்சிப் பொருட்களைச் சேர்க்காமல் இதை விளக்க முடியாது. 2016-இல் 25 நோயாளிகளுக்கு, தூண்டப்பட்ட மேக்ரோஃபேஜில் மட்டும் ஒட்டுகிற ஒரு பொருளைச் செலுத்திப் படம் எடுத்தபோது 76 சதவீத முழங்கால்களில் அவை தெரிந்தன, வலி கூடிய முட்டியில் அதிகமாகவும் தெரிந்தன. அதையே திருப்பிப் பார்த்தால், ஏறத்தாழ நாலில் ஒரு முட்டியில் தெரியவில்லை. எல்லாத் தேய்மானமும் ஒரே நோய் இல்லை என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் வந்தது எது, தேய்வா அழற்சியா என்பது வழக்கில் இருக்கிறது. தசைநார் அறுந்த கபடி ஆட்டக்காரர்களைப் பார்த்தால் அடிதான் முதலில். முட்டிக்குள் இருக்கும் முன்புறச் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) அறுந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10 முதல் 20 வருடத்துக்குள் அந்த முட்டியில் தேய்மானம் வருகிறது. வயதானவர்களின் முட்டியில் அப்படி ஒரு தேதியைக் குறிக்க முடிவதில்லை. டி செல்கள் அங்கே நின்று வேலை செய்கின்றனவா, சும்மா வேடிக்கை பார்க்கின்றனவா என்பதும் தீராத கேள்வி. என் ஸ்லைடில் நிற்பது தெரியும், என்ன பேசுகின்றன என்று தெரியாது. சரி, மேக்ரோஃபேஜையே ஒழித்துவிட்டால்? 2017-இல் கொழுத்த எலிகளில் அதையும் செய்து பார்த்தார்கள். தேய்மானம் நிற்கவில்லை, நியூட்ரோஃபிலும் டி செல்லும் முன்னைவிட அதிகமாக வந்து குவிந்தன. கூட்டுகிறவனை விரட்டினால் தெரு சுத்தமாகாது.

மனிதர்களில் நடந்த மருந்துச் சோதனைகளும் இதே கதையைத்தான் சொல்கின்றன. முடக்குவாதத்தைப் புரட்டிப்போட்ட டி.என்.எஃப். தடுப்பு மருந்தான அடலிமுமாப்பை விரல் தேய்மானத்தில் போட்டுப் பார்த்தார்கள், பலனில்லை. இன்டர்லூகின்-1ஐத் தடுக்கும் அனகின்ராவை முழங்காலுக்குள்ளேயே செலுத்தினார்கள், மருந்தில்லாத வெற்று ஊசியைவிட மேலாக இல்லை. முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற இன்னொரு மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினை 248 விரல் தேய்மான நோயாளிகளிடம் ஒரு வருடம் பரிசோதித்து 2018-இல் வெளியிட்டார்கள், அதுவும் தோல்வி. மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். இதய நோயாளிகள் சுமார் 10,000 பேரிடம் நடந்த ஒரு பெரிய சோதனையில், இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் மருந்து போட்டவர்களுக்கு இடுப்பு, முழங்கால் மாற்று அறுவை குறைவாகத் தேவைப்பட்டது என்று 2020-இல் கணக்கெடுத்தார்கள். அந்தச் சோதனை மூட்டுக்காகத் திட்டமிட்டதில்லை, அதில் உயிரைப் பறிக்கும் தொற்றும் கொஞ்சம் கூடியிருந்தது. ஆனாலும் கதவு முழுக்கச் சாத்தவில்லை.

மெத்தோட்ரெக்சேட்டுக்கு வருகிறேன். சவ்வு அழற்சி தெளிவாகத் தெரிந்த விரல் தேய்மான நோயாளிகளுக்கு வாரம் 20 மில்லிகிராம் கொடுத்து ஆறு மாதத்தில் வலி ஓரளவு குறைந்தது என்று 2023-இல் ஒரு ஆஸ்திரேலிய ஆய்வு வந்தது. முழங்காலில் கிடைத்த பலன் கொஞ்சம்தான். இதை வைத்துக்கொண்டு பெரியம்மாவின் டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுக்காதீர்கள். இது வாரம் ஒரு நாள் மட்டும் போடுகிற மருந்து. தவறித் தினமும் போட்டு எலும்பு மஜ்ஜை அடங்கிப்போன ஒருவருடைய ரத்த ஸ்லைடை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளை அணுவைத் தேடித் தேடிக் கண் வலித்தது. ஈரல், சிறுநீரகம், ரத்த எண்ணிக்கை பார்க்காமல் யாரும் இதைத் தொடங்கக் கூடாது.

எதிர்ப்பு சக்திப் பொடி பற்றி. கபசுரக் குடிநீர் காலத்திலிருந்து 'எதிர்ப்பு சக்தி' என்பதை போன் பேட்டரி சார்ஜ் மாதிரி நினைக்கப் பழகிவிட்டோம். கூடினால் நல்லது, குறைந்தால் ஆபத்து. சவ்வில் நடப்பது கூடுவதோ குறைவதோ இல்லை, எந்த அணு எந்த நேரத்தில் கிளம்பிப் போகிறது என்பது. ஒரு ஸ்பூன் பொடி அந்த மேக்ரோஃபேஜைப் போய் உசுப்பிவிடும் என்று பயந்து நிறுத்த வேண்டியதில்லை; அதை அடக்கிவிடும் என்று நம்பி வாங்கவும் வேண்டியதில்லை. அதில் என்ன கலந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பெயரில்லாத பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்து வருவது உண்டு, "சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துருச்சு" என்று சொல்கிற பொடிகளில் முக்கியமாக.

ஊசிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் சொல்வார்கள். மூட்டுக்குள் போடுகிற ஸ்டீராய்டு இந்த அணுக்களைச் சில வாரங்கள் அடக்கும். நீர் கோத்து நடக்கவே முடியாதபோது அது பெரிய உதவி. அதையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் 140 பேருக்குப் போட்டுப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். மருந்தில்லாத உப்புநீர் ஊசியைவிட வலி கூடுதலாகக் குறையவில்லை, குருத்தெலும்பு கொஞ்சம் அதிகமாகவே மெலிந்தது. சொந்த ரத்தத்தில் பிளேட்லெட் பிரித்துப் போடும் ஊசியும் 2021-இல் 288 பேரிடம் நடந்த சோதனையில் உப்புநீரைத் தாண்டவில்லை. விலை மட்டும் தாண்டியிருக்கிறது.

அழற்சியையும் சேர்த்துக் குறைக்கிறது என்று என்னால் தைரியமாகச் சொல்ல முடிவது, சலிப்பாக இருந்தாலும், எடையும் தொடைத் தசையும்தான். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. உதிரும் குப்பை குறைய வேண்டுமென்றால் இங்கேதான் தொடங்க வேண்டும். 454 பேரை 18 மாதம் பின்தொடர்ந்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், உணவைக் குறைத்து உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு வலி குறைந்ததோடு, வெறும் உடற்பயிற்சி செய்தவர்களைவிட ரத்தத்தில் இன்டர்லூகின்-6ம் குறைந்திருந்தது. அம்மா ஒல்லியானவர் என்றால் எடைக் கணக்கு பொருந்தாது, தசைக் கணக்கு பொருந்தும். பூக்கட்டுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பூக்கூடையைப் பெஞ்சில் தூக்கி வைத்துக்கொண்டால் போதும். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து காலை நீட்டி மடக்கட்டும். வலிக்கிற அன்று டைக்லோஃபெனாக் ஜெல் தடவலாம். மாத்திரையாகத் தொடர்ந்து போடுவதற்கு முன் சிறுநீரகத்தையும் வயிற்றையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டி சிவந்து, சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால் அது தேய்மானம் இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கடைசியாக ஒன்று. நீரை இழுத்த டாக்டர் அதை லேபுக்கு அனுப்பியிருந்தால் ஒரு தாள் இருக்கும், தேடி எடுங்கள். மொத்த வெள்ளை அணுக்கள் எத்தனை, அதில் நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம், படிகங்கள் பார்த்தார்களா என்று மூன்று வரி. படிகம் என்ற வரியைப் பலர் பார்ப்பதே இல்லை. இந்த வயதில் கால்சியம் பைரோபாஸ்பேட் படிகம் வந்து முட்டியைத் திடீரென்று வீங்க வைப்பது உண்டு, அதற்கு வைத்தியம் வேறு. பெயரையும் ஆஸ்பத்திரியையும் மறைத்துவிட்டு அந்த மூன்று வரியை மட்டும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.